ஆஸ்டினில் கரண்ட் இணைப்பு: புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள்

டெக்சஸுக்குக் குடிவருகிறோம் என்றதுமே டாலஸ், ஹூஸ்டன் சொந்தக்காரர்கள், "நல்ல பிளானாகப் பார்த்து எடு" என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. அங்கே 2002-லிருந்து கரண்ட் விற்கும் கம்பெனியை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆஸ்டின் அந்தப் போட்டிச் சந்தையில் சேரவில்லை. 1895 முதல் நகராட்சியே மின்சாரம் கொடுக்கிறது. இன்று அதன் பெயர் ஆஸ்டின் எனர்ஜி. பிளான் தேடி நாட்களை வீணாக்காமல், குடிபோகும் தேதிக்கு முன்பே உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கிவிடுங்கள்.

அதற்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. முகவரியில் 'ஆஸ்டின்' என்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். நகரின் ஓரப் பகுதிகள் சிலவற்றுக்கு பெடர்நாலிஸ், புளூபானெட் போன்ற கூட்டுறவுகள்தான் கரண்ட் தருகின்றன. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் சீடர் பார்க்கில் பெடர்நாலிஸ். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது பில். மொத்தத் தொகையைப் பார்த்ததும் ஏசியைத் திட்டுவது வழக்கம். ஆனால் நகராட்சி பில்லில் தண்ணீர், கழிவுநீர், குப்பை, மழைநீர் வடிகால் எல்லாமே சேர்ந்து வரும். மின்சாரத்துக்கான தொகையை மட்டும் தனியாகப் பாருங்கள். அதில் ஸ்லாப் உண்டு. நம் ஊரில் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். இங்கே அப்படியில்லை, தாண்டிய யூனிட்டுக்கு மட்டும்தான் கூடுதல் விலை. ஒரு படி ஏறிவிட்டதே என்று கோடையில் குழந்தைகளைப் புழுக்கத்தில் வைக்க வேண்டாம்.

அதிகப் பணம் போகும் இடம் சோலார். "மீட்டர் பின்னோக்கி ஓடும்" என்று வாசலில் வந்து விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். ஆஸ்டினின் முறை வேறு. வீடு இழுக்கும் கரண்ட் முழுவதற்கும், கூரையிலிருந்தே வந்தாலும், வழக்கமான விலையில் பில் போடுவார்கள். கூரை உற்பத்தி செய்த கரண்ட் முழுவதற்கும் தனியாக ஒரு விலை வைத்து வரவு வைப்பார்கள். 2012-லிருந்து இப்படித்தான். அதனால் மதிய வெயிலில் துணி துவைத்தாலும் இரவில் துவைத்தாலும் பில்லில் வித்தியாசம் வராது. விற்பவர் காட்டும் கணக்கில் அந்த வரவு விலை எவ்வளவு என்று போட்டிருக்கிறார் என்பதைக் கேட்டு, ஆஸ்டின் எனர்ஜி அறிவித்திருக்கும் விலையோடு ஒப்பிடுங்கள். இன்னொன்று: பேட்டரி இல்லாத சாதாரண சோலார், தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவர்களுக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள்.

2023 பிப்ரவரியில் பனிமழை பெய்து, கிளைகளில் ஐஸ் கட்டி, மரங்கள் கம்பிகள் மேல் சாய்ந்தன. அப்போது பலருக்கும் ஒரு விஷயம் புதிதாக இருந்தது. தெருக் கம்பமும் அங்கிருந்து வீட்டுக்கு வரும் கம்பியும் மீட்டரும் நகராட்சியுடையவை. ஆனால் அந்தக் கம்பி வந்து சேரும் குழாயும் மீட்டர் பெட்டியும் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. அவை பிய்ந்து போயிருந்தால், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் சரிசெய்யாமல் இணைப்பு திரும்ப வராது. தெருவுக்கே வெளிச்சம் வந்து உங்கள் வீடு மட்டும் இருட்டாக இருந்தால் முதலில் அங்கே பாருங்கள். தூரத்தில் நின்று பாருங்கள். தொங்கும் கம்பி பக்கம் போகவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்திருப்பார் என்று சும்மா இருந்துவிடாமல் நீங்களும் ஆஸ்டின் எனர்ஜியிடம் சொல்லுங்கள்.

"ஒரு மணி நேரத்தில் கனெக்‌ஷனைத் துண்டிப்போம், கிஃப்ட் கார்டில் பணம் கட்டு" என்று போன் வந்தால் அது மோசடி. போனை வைத்துவிட்டு, நகராட்சியின் உதவி எண்ணான 311-ஐக் கூப்பிடுங்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு ஆக்சிஜன் மெஷின் மாதிரி கரண்டில் ஓடும் கருவி தேவைப்படுகிறதா? உடல்நலம் குன்றியவர்களுக்கென்று ஆஸ்டின் எனர்ஜி ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. டாக்டர் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தபின் அதைத் தேடாமல், கணக்குத் தொடங்கும்போதே விசாரித்துவிடுங்கள்.