மழைக்காலத்தில் மிஸ் அடிக்கும் பழைய கார்

கோத்தகிரியில் கார்புரேட்டர் காலத்து மாருதி 800 வைத்திருப்பவருக்கு ஐப்பசி மழை வந்தாலே தலைவலிதான். காலையில் ஸ்டார்ட் ஆகும், மிஸ் அடிக்கும் (ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் இன்ஜின் குலுங்கும்), முதல் ஏற்றத்திலேயே நின்றுவிடும். உடனே, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள். மழை நாளில் என் சந்தேகம் முதலில் கரண்ட் பக்கம்தான் போகும்.

இன்ஜின் ஓடும்போது பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். வெறும் கை வேண்டாம். ரப்பர் பிடியுள்ள குறடு போதும். கழற்றியும் சத்தம் மாறவில்லை என்றால் அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. அதன் பிளக்கைப் பாருங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. பெட்ரோலில் நனைந்திருந்தால் தீப்பொறி வரவில்லை. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் மூடியான சோக் முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் ட்யூன் செய்த வண்டி 2,240 மீட்டர் உயர ஊட்டியில் கறுப்புப் புகை விடுவதும் பெட்ரோல் அதிகமாவதால்தான்: மேலே காற்று அடர்த்தி குறைவு.

அடுத்தது, ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி. உள்ளே பனி ஈரம் கோத்திருக்கும். உலர்ந்த துணியால் துடையுங்கள். முனைகளுக்கிடையே பென்சில் கோடு போல மெல்லிய கறுப்புத் தடம் தெரிந்தால் மூடியையே மாற்றுங்கள். தேய்த்துப் பார்ப்பது வீண் வேலை. இருட்டியபின் பானெட்டைத் திறந்தால் ஒயரில் கசியும் நீலப் பொறியும் கண்ணில் படும்.

ஓடும்போது நன்றாக இருந்து, ஆக்சிலரேட்டரை விட்டதும் நின்றால் ஸ்லோ ஜெட் (கார்புரேட்டரில் மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைப்பு. வெயிலில் மலையேறும்போது மட்டும் நின்றால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கும்; இன்ஜினில் உள்ள பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி போட்டு, சற்றுப் பொறுத்து ஸ்டார்ட் செய்யுங்கள்.