கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்கள் வழியே சைக்கிள் பயணம்: ஒரு வழிகாட்டி

தேனியிலிருந்து குமுளி செல்லும் நெடுஞ்சாலையில் காரிலோ பேருந்திலோ போனவர்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கு என்றால் இரண்டு மலைகளுக்கு நடுவே விரையும் ஒரு சாலையாகவே நினைவில் நிற்கும். திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தபடி அமைதியாகச் சைக்கிள் ஓட்ட விரும்புகிறவர் முதலில் அந்த நெடுஞ்சாலையை விட்டு விலக வேண்டும். முல்லைப் பெரியாற்றுக்குத் தென்கிழக்கே, மேகமலையின் அடிவாரத்தை ஒட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி என்று ஊர்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. இவற்றை இணைக்கும் குறுகிய தார்ச்சாலைகளையே நான் பரிந்துரைக்கிறேன். டிராக்டரும், தோட்டத்துக்குப் போகும் மொபெட்டும், எப்போதாவது வரும் நகரப் பேருந்தும்தான் அங்கே உங்களுக்குத் துணை.

இங்கே விளைவது பெரும்பாலும் பன்னீர் திராட்சை. 'மஸ்கட் ஹாம்பர்க்' என்னும் இந்த வகையை 1832-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற பகுதிகளில் ஆண்டின் சில மாதங்களுக்குள் அறுவடை முடிந்துவிட, இங்கே ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பழம் வெட்டிக்கொண்டிருப்பார்கள். ஆகவே எந்த மாதத்தில் போனாலும் ஏதாவதொரு பந்தலில் குலைகள் தொங்குவதைப் பார்க்கலாம். மாதத்தைத் தேர்ந்தெடுக்கப் பழத்தைவிடக் காற்றையும் போக்குவரத்தையும் கணக்கில் கொள்வதே சரி.

காற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகள் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வேகமாகப் புகும் இடங்களில் கம்பம் கணவாயும் ஒன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை குமுளிப் பக்கமிருந்து இறங்கும் காற்று பள்ளத்தாக்கின் நீளவாக்கில் தேனியை நோக்கி வீசுகிறது. காலையில் அடங்கியிருந்து, வெயில் ஏற ஏற வலுக்கும் அந்தக் காற்றை எதிர்த்து மிதிப்பது ஏற்றத்தில் மிதிப்பதைவிடக் கடினம். எனவே அம்மாதங்களில் கம்பத்திலிருந்து கிளம்பாமல், கீழ்ப்புறம் இருக்கும் உத்தமபாளையத்திலிருந்து கிளம்புங்கள். காற்று எழுவதற்கு முன்பே மேல்நோக்கிப் போய்விட்டால், திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வரும்.

உத்தமபாளையத்தில் விடிந்ததும் புறப்பட்டு ராயப்பன்பட்டிச் சாலையைப் பிடிக்க வேண்டும். ஆற்றை ஒட்டிய பகுதி முழுவதும் நெல் வயல். பெரியாறு அணைத் தண்ணீரை நம்பி இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோகம் விளைகிறது. நாற்றுநடவு நாட்களில் டிராக்டரின் கூண்டுச் சக்கரங்கள் சேற்றை அள்ளிவந்து சாலையில் கொட்டியிருக்கும். அந்த இடங்களில் பிரேக் பிடிக்காமல், திருப்பாமல், நேராக மெதுவாகக் கடந்துவிடுங்கள். வயல் முடிந்து தென்னையும் வாழையும் வந்து, பின்னர் கல்தூண் நட்ட திராட்சைப் பந்தல்கள் தொடங்கும். ராயப்பன்பட்டியில் தேநீர் குடித்துவிட்டு ஆனைமலையன்பட்டி வழியாகக் காமயகவுண்டன்பட்டிக்கும், அங்கிருந்து நாராயணத்தேவன்பட்டி வழியாகச் சுருளிப்பட்டிக்கும் போகலாம். இடப்புறம் மலை எப்போதும் உடன் வருவதால் வழி தவறுவது அரிது. ஊருக்குள் குழப்பம் வந்தால் அடுத்த ஊரின் பெயரைச் சொல்லிக் கேட்டாலே கைகாட்டி விடுவார்கள்.

சுருளிப்பட்டியிலிருந்து சுருளி அருவிக்குப் போகும் சாலை இந்தப் பயணத்தின் அழகான பகுதி என்பது என் கருத்து. இருபுறமும் பந்தல்கள் நெருங்கி நிற்க, எதிரே மலைச்சுவர் உயர்ந்துகொண்டே வரும். ஆனால் ஆடி, தை அமாவாசை நாட்களில் தர்ப்பணம் கொடுக்கப் பெருங்கூட்டம் கூடுவதால் அந்நாட்களைத் தவிர்க்க வேண்டும். மழைக்குப்பின் நீர்வரத்து கூடினால் வனத்துறை குளிக்கத் தடை விதிப்பதும் வழக்கம். அருவியைப் பார்த்துத் திரும்பியவர் கம்பம் சென்று நெடுஞ்சாலை வழியாக உத்தமபாளையம் வரலாம். மொத்தச் சுற்று நாற்பது கிலோமீட்டர் அளவில் இருக்கும். வந்த வழியிலேயே திரும்புவதுதான் எனக்குப் பிடித்தது. காலையில் பின்னால் விட்டுவந்த மேகமலைத் தொடரின் வடகோடி திரும்பும்போது கண்முன்னே விரியும்.

நெடுஞ்சாலையைத் தொடுகிறவர் சபரிமலைப் பருவத்தை மறக்கக் கூடாது. கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை பக்தர்களின் வாகனங்கள் இரவு பகலாக ஓடும். மகரவிளக்கு முடிந்த பிறகு, ஜனவரியின் பிற்பகுதியும் பிப்ரவரியும் மிகவும் ஏற்றவை. பனி விலகாத காலை, அடங்கிய காற்று, காய்ந்த சாலை ஆகிய மூன்றும் அப்போது ஒன்றாகக் கிடைக்கின்றன.

தோட்டத்தின் ஓரம் நிற்கும்போது சில முறைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். பந்தலுக்கடியில் குனிந்து பார்த்தால் கருநீலப் பழங்களின்மேல் வெண்ணீறு பூசியதுபோல் ஒரு மெல்லிய படலம் தெரியும். விரல் பட்டால் அந்த இடம் மட்டும் பளபளப்பாகிவிடும். வியாபாரி அந்தக் குலையின் விலையைக் குறைப்பார். வெட்டுகிற பெண்கள்கூடக் காம்பைப் பிடித்துத்தான் குலையைத் தூக்குகிறார்கள். ஆகவே ஆசையாக இருந்தாலும் தொடாதீர்கள். செவட்டை நோயைத் தடுக்க மருந்து அடிக்கும் வேலையும் காலையில்தான் நடக்கும். விசைத்தெளிப்பானின் சத்தம் கேட்டால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, புகைபோன்ற அந்தச் சாரல் சாலையைக் கடக்கும் இடத்துக்கு முன்பே நின்று, அது அடங்கிய பிறகு போங்கள். பந்தலிலிருந்து பறித்துக் கொடுத்தாலும் கழுவாமல் வாயில் போட வேண்டாம்.

மலையடிவாரம் என்பதால் இருட்டில் ஓட்டக் கூடாது. 2023 மே மாத இறுதியில் அரிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள்ளேயே வந்தது. பிறகு இதே அடிவாரத்தில், சுருளிப்பட்டி, சண்முகாநதி அணைப் பகுதிகளில் சுற்றித் திரிந்து, ஜூன் 5-ஆம் தேதி பிடிக்கப்பட்டது. அது அரிதான நிகழ்ச்சிதான் என்றாலும், காட்டுப்பன்றிகள் இரவில் தோட்டங்களுக்கு வருவது அன்றாடச் செய்தி. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். அருவிச் சாலையில் மாலை மங்கும்வரை தங்காதீர்கள்.

மலையேற விரும்புகிறவர்களுக்கு மூன்று பாதைகள் இருக்கின்றன. சின்னமனூரிலிருந்து மேகமலைக்குச் செல்லும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். அது புலிகள் காப்பகப் பகுதி. சோதனைச்சாவடியில் கேட்டு, அனுமதித்தால் மட்டுமே ஏற வேண்டும். கம்பம்மெட்டுச் சாலை செங்குத்தானது. கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் அதிகாலையில் மேலேயும் மாலையில் கீழேயும் மிக வேகமாக ஓடுவதால், அந்நேரங்களில் அங்கே சைக்கிளுக்கு இடமில்லை. கூடலூர் தாண்டி லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைச்சாலையையே முதன்முறை ஏறுகிறவர்களுக்குச் சொல்வேன், வார நாளில், காலை எட்டரை மணிக்குமேல். 1895-இல் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்பில் மின்சாரமாவதை அந்தச் சாலையிலிருந்தே பார்க்கலாம். இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் ரிம் சூடேறும். விட்டுவிட்டுப் பிடியுங்கள், பேருந்து திரும்பும் வளைவுகளில் நின்று வழிவிடுங்கள்.

சைக்கிளைப் பொறுத்தவரை, மிக மெல்லிய பந்தய டயர் வேண்டாம். 28 முதல் 35 மில்லிமீட்டர் அகலம் இந்தச் சாலைகளுக்குப் பொருந்தும். நெருஞ்சி முள்தான் முக்கியப் பகை. தேநீர்க்கடை ஓரம் மண்ணில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு எடுத்தால், சக்கரத்தைச் சுற்றிவிட்டுத் துணியால் டயரைத் துடையுங்கள். ஒருமுறை அதைச் செய்யத் தவறிய நான் காமயகவுண்டன்பட்டியைத் தாண்டி இரண்டு டியூப்களையும் மாற்ற நேர்ந்தது. ஒரே டயரில் ஐந்து முட்கள் இருந்தன. இரண்டு மாற்று டியூப், பம்பு, ஒட்டுப்போடும் பொருட்கள் ஆகியவை கட்டாயம். மதுரையிலிருந்து தேனிக்கு 2022-இலும் போடிக்கு 2023-இலும் அகலப்பாதை ரயில் வந்துவிட்டதால், சைக்கிளை மடித்தோ பார்சலிலோ கொண்டுவந்து தேனியில் இறங்குவது இப்போது எளிது.

பழத்தைத் திரும்பும் வழியில், கடைசியாக வாங்குங்கள். பையில் கட்டி ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் முதல் வேகத்தடையிலேயே கீழ்ப்பழங்கள் நசுங்கிச் சாறு வடியும். முதுகுப்பைக்குள் செய்தித்தாளை மடித்து வைத்து, குலைகளை ஒரே அடுக்காகப் படுக்கவைத்து, மேலே துண்டைப் போர்த்தி எடுத்துச் சென்றால் தேனி வரைக்கும் அந்த வெண்ணீறு கலையாமல் வந்து சேரும்.