பிரஷர் ஏத்தி டிரிப்லெட் லைஃப்டைம் அளக்குறது எப்படி

டிரிப்லெட்ன்னா, ஒளியை உறிஞ்சுன மூலக்கூறு சட்டுனு பழைய நிலைக்குத் திரும்ப முடியாம கொஞ்ச நேரம் தங்குற ஒரு கிளர்ச்சி நிலை; அது எவ்வளவு நேரம் தாங்குதுங்குறதுதான் லைஃப்டைம். கிரிஸ்டலை நசுக்குனா டிரிப்லெட் என்ன ஆகும்? ரெண்டு விஷயம் எதிரும் புதிருமா இழுக்கும். மூலக்கூறு ஆடுறதுக்கு இடம் இல்லாம போறதால எனர்ஜி வெறும் அதிர்வா வீணாகுறது குறையும், லைஃப்டைம் நீளும். ஆனா பக்கத்து மூலக்கூறும் நெருங்கி வந்துடுது இல்லையா, டிரிப்லெட் ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவி, ரெண்டு டிரிப்லெட் சந்திச்சு அழிஞ்சா லைஃப்டைம் குறையும். எது ஜெயிக்குதுன்னு அளந்து பார்த்தாதான் தெரியும்.

ஸ்டெப் 1: முதல் சாம்பிளா பென்சோஃபீனோன் எடுங்க. உறிஞ்சுற ஒளி கிட்டத்தட்ட முழுசா டிரிப்லெட்டா மாறிடும், ரூம் டெம்பரேச்சர்லயே கிரிஸ்டல் பாஸ்பரசன்ஸ் (டிரிப்லெட்லேர்ந்து மெதுவா வர்ற ஒளி) தரும். வாங்குன பவுடரை அப்படியே போடாதீங்க, மறுபடி கிரிஸ்டலாக்கிட்டு போடுங்க.

ஸ்டெப் 2: டயமண்ட் ஆன்வில் செல்லுல (ரெண்டு வைர முனைக்கு நடுவுல சாம்பிளை நசுக்குற கருவி), கேஸ்கெட்டோட, அதாவது நடுவுல இருக்குற உலோகத் தகட்டோட, ஓட்டைக்குள்ள சாம்பிளையும், பிரஷரை அளக்க ஒரு ரூபி துணுக்கையும் வைங்க. வைரம் டைப் டூ-ஏ (நைட்ரஜன் கலப்பு ரொம்பக் குறைஞ்ச வகை) தான் வேணும், மத்ததுல பின்னணி வெளிச்சம் தொல்லை பண்ணும்.

ஸ்டெப் 3: பிரஷர் பாருங்க. லேசர் பட்டா ரூபி விடுற ஒளியில ஆர்-ஒன்ங்குற கோடு சாதாரணமா 694.2 நானோமீட்டர்ல இருக்கும், 1 கிகாபாஸ்கலுக்கு சுமார் 0.365 நானோமீட்டர் சிவப்புப் பக்கம் நகரும். 695.7ல வந்தா ஏறக்குறைய 4 கிகாபாஸ்கல். லேசர் பவரை குறைச்சே வைங்க, ரூபி சூடானாலும் கோடு அதே பக்கம்தான் நகரும்.

ஸ்டெப் 4: இங்கதான் நான் ரெண்டு வாரம் மாட்டிக்கிட்டேன். 355 நானோமீட்டர் பல்ஸ் அடிச்சு 50 மைக்ரோசெகண்ட் கழிச்சு டிடெக்டரைத் திறந்தா, என்ன சாம்பிள் வச்சாலும் 3.5 மில்லிசெகண்டுக்குப் பக்கத்துலயே வந்துச்சு, பென்சோஃபீனோனுக்கு ஒரு மில்லிசெகண்ட் கூட வரக்கூடாதே. கடைசியில சாம்பிளே இல்லாம ரூபி மட்டும் வச்சு அளந்தேன், அதே வளைவு. ரூபியும் மில்லிசெகண்ட் கணக்குல மினுங்குற பொருள்தான்! வைரத்தோட வெளிச்சம் நானோசெகண்ட்லயே அடங்கிடும், டிலே போட்டா போயிடும், ரூபி போகாது. அதனால துணுக்கை ஓட்டையோட ஓரத்துல ஒட்டி வச்சு, லேசர் புள்ளியை சாம்பிள் மேல மட்டும் விழ வைங்க, டிடெக்டர் முன்னாடி 600க்கு மேல வெட்டுற ஷார்ட்பாஸ் ஃபில்டர் போடுங்க. மோனோகுரோமேட்டர் (வேணுங்குற அலைநீளத்தை மட்டும் பிரிச்சு விடுற கருவி) இருந்தா இன்னும் நல்லது, நான் இப்ப அது இல்லாம அளக்குறதே இல்ல. ஆந்த்ரசீன் பண்றவங்களுக்கு ஃபில்டர் உதவாது, அதோட பாஸ்பரசன்ஸே ரூபிக்குப் பக்கத்துல 680 சுமாருக்குத்தான் வரும், அங்க தூரம் ஒண்ணுதான் வழி.

அப்டேட்: பிரஷரை எல்லாப் பக்கமும் சமமா பரப்புறதுக்காக ஓட்டைக்குள்ள மெத்தனால்-எத்தனால் 4:1 கலவையை ஊத்துனதும் கிரிஸ்டல் காணாம போச்சுன்னு கமெண்ட்ல ஒருத்தர் சொன்னார். ஆமா, கரைஞ்சிடும், இதை நான் முதல்லயே எழுதியிருக்கணும். லிக்விட் ஆர்கான் லோட் பண்ண முடிஞ்சா அதுதான் என் சாய்ஸ், சாம்பிளைக் கரைக்காது, டிரிப்லெட்டை அணைக்குற ஆக்சிஜனும் உள்ள தங்காது.

ஸ்டெப் 5: ஒவ்வொரு தடவை திருகுன பிறகும் பத்து நிமிஷம் விட்டு, ரூபியை அளவுக்கு முன்னாடியும் பின்னாடியும் பாருங்க. பிரஷரை இறக்கும்போதும் கட்டாயம் அளங்க, லைஃப்டைம் பழைய இடத்துக்குத் திரும்பலைன்னா கிரிஸ்டல் அமைப்போ மூலக்கூறோ மாறியிருக்கும், அப்ப ஏத்தும்போது எடுத்த பாயிண்டுகளையும் நம்பாம புது கிரிஸ்டல் வச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பாருங்க.