டிக்ட் போதுமா, எஸ்கியூலைட் வேண்டுமா: தேடலுக்குத் தரவை எங்கே வைப்பது?

பைத்தான் கற்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே எல்லோருக்கும் இந்தக் கேள்வி வந்துவிடும். தகவலை லிஸ்ட், டிக்ட் (சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தருவது) என்று மொழியோடு கூடவே வருகிறவற்றில் வைத்துக்கொண்டு தேடலாமா, இல்லை எஸ்கியூலைட் மாதிரி, தகவலை அட்டவணைகளாக வைக்கும் ஒரு ரிலேஷனல் தரவுத்தளத்துக்குப் போய்விடுவதா? யாரிடமாவது கேட்டால் "எத்தனை ரெக்கார்டு இருக்கு?" என்று திருப்பிக் கேட்பார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. எதை வைத்துத் தேடப்போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. பத்து லட்சம் ரெக்கார்டு இருந்தாலும், ஓர் எண்ணைக் கொடுத்து ஒன்றை மட்டும் எடுப்பதென்றால் டிக்ட் பிரமாதமாக வேலை செய்யும். இரண்டாயிரம்தான் இருக்கிறது, ஆனால் நாலு விதமாகத் தேட வேண்டும், தினமும் திருத்த வேண்டும் என்றால் தரவுத்தளம்தான் நிம்மதி.

உதாரணத்துக்கு ஒரு சின்ன ஊர் நூலகத்தின் பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஐயாயிரம் புத்தகங்கள், ஒவ்வொன்றுக்கும் பதிவு எண், தலைப்பு, ஆசிரியர், வெளியான ஆண்டு, அலமாரி எண். இன்னொரு பக்கம் யார் எதை எடுத்துப்போனார் என்ற கணக்கு. கட்டளைகளை இங்கே தமிழ் ஒலியில் எழுதுகிறேன், எடிட்டரில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

படி 1: கேள்விகளைத் தாளில் எழுதுங்கள்

நிரலைத் திறக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். "பதிவு எண் 2314 எந்தப் புத்தகம்?" என்பது ஒரு வகை, ஒரே சாவி, ஒரே பதில். "இந்த ஆசிரியர் 1990-க்குப் பிறகு எழுதியவை, ஆண்டு வரிசையில்" என்பது வேறு வகை, இரண்டு நிபந்தனையும் ஒரு வரிசைப்படுத்தலும் உண்டு. "தலைப்பில் கடல் என்று எங்காவது வருகிறதா?" என்பது துண்டுத் தேடல். "எடுத்துப்போய் ஒரு மாதமாகியும் திரும்பி வராத புத்தகங்கள் எவை, யாரிடம் இருக்கின்றன?" என்பது இரண்டு பட்டியல்களைச் சேர்த்துப் பார்க்கிற கேள்வி. உங்கள் தாளில் முதல் வகை மட்டும்தான் இருக்கிறதென்றால் படி 3-ஓடு நிறுத்திக்கொள்ளலாம்.

படி 2: முதலில் டிக்ட்டில் செய்து பாருங்கள்

புத்தகங்களை லிஸ்ட்டில் போட்டால் தேடல் என்பது முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாகப் பார்ப்பது. ஐயாயிரத்துக்கு அது கண்ணிமைக்கும் நேரம்தான், அதனால் லிஸ்ட் என்றாலே மெதுவாக இருக்கும் என்று பயப்பட வேண்டாம். பதிவு எண்ணைச் சாவியாக வைத்து டிக்ட் ஆக்கினால் தேடலே தேவையில்லை. ஹாஷ் கணக்கு, அதாவது சாவியிலிருந்தே இடத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு, நேராக அந்த இடத்துக்குக் கொண்டுபோய் விடும், உள்ளே எத்தனை இருந்தாலும் சராசரியாக ஒரே நேரம்தான். இந்த ஒரு வேலையில் எஸ்கியூலைட்டால் டிக்ட்டை முந்த முடியாது. ஏனென்றால் அது முதலில் உங்கள் கட்டளையைப் படித்துப் புரிந்துகொண்டு அப்புறம்தான் தேடவே தொடங்கும்.

சரி, ஆசிரியர் பெயரை வைத்துத் தேட வேண்டுமென்றால்? இரண்டாவது டிக்ட் ஒன்று கட்டுங்கள், ஆசிரியர் பெயர் சாவி, அவருடைய பதிவு எண்களின் லிஸ்ட் மதிப்பு. ஆண்டுக்கு மூன்றாவது. இப்போது நீங்கள் கையாலேயே இண்டெக்ஸ், அதாவது எது எங்கே இருக்கிறது என்று காட்டும் துணைப் பட்டியல், கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். படிக்க மட்டும் செய்கிற பட்டியலுக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் ஒரு புத்தகத்தின் ஆசிரியர் பெயரில் எழுத்துப்பிழையைத் திருத்துகிறீர்கள் என்று வையுங்கள்: முதல் டிக்ட்டில் மாற்ற வேண்டும், இரண்டாவதில் பழைய பெயரின் கீழிருந்து எண்ணை எடுத்துப் புதிய பெயரின் கீழ் போட வேண்டும், இதில் ஒன்றை மறந்தால் எந்தப் பிழைச்செய்தியும் வராது, தேடல் மட்டும் சத்தமில்லாமல் தப்பான பதிலைத் தந்துகொண்டிருக்கும். இரண்டாவது டிக்ட் கட்டத் தொடங்கும் இடம்தான் என் கணக்கில் எல்லைக்கோடு. மூன்றாவது கட்டினால் தாண்டிவிட்டீர்கள்.

படி 3: கோப்பில் சேமிப்பது

நிரல் முடிந்தால் டிக்ட் போய்விடும், ஆகவே ஜேசன் (தரவை உரையாக எழுதும் வடிவம்) கோப்பாக எழுதுவார்கள். தமிழுக்கு ஒரு விஷயம்: பைத்தானின் ஜேசன் மாட்யூல் தன்போக்கில் விட்டால் ஒவ்வொரு தமிழ்க் குறியையும் ஆறு எழுத்துள்ள யூனிகோடு எண்ணாக மாற்றி எழுதும், என்ஷ்யூர் ஆஸ்கி என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழாகவே இருக்கும், கோப்பும் சிறிதாகும் (யூடிஎஃப்-8 இல் ஒரு குறிக்கு மூன்று பைட்). ஒரே ஒரு புத்தகம் மாறினாலும் முழுக் கோப்பையும் திரும்ப எழுத வேண்டும் என்பதுதான் ஜேசனின் குறை. பாதியில் கரண்ட் போனால் பாதிக் கோப்புதான் மிஞ்சும், அதனால் எப்போதும் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்துவிட்டு அப்புறம் பெயர் மாற்றுங்கள்.

ஷெல்வ் என்று இன்னொன்று உண்டு, டிக்ட் மாதிரியே நடந்துகொள்ளும், ஆனால் வட்டில் இருக்கும். சாவி சரமாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே பிக்கிள் (பைத்தான் பொருள்களைக் கோப்பாக மாற்றும் மாட்யூல்) இருப்பதால் முன்பின் தெரியாதவர் கொடுத்த ஷெல்வ் கோப்பைத் திறக்கவே கூடாது, திறந்தால் அவர் எழுதிய நிரல் உங்கள் கணினியில் ஓடக்கூடும். இதில் ஒரு வேடிக்கை, பைத்தான் 3.13 முதல் ஷெல்வுக்கு அடியில் இருக்கிற டிபிஎம் மாட்யூல் புதுக் கோப்புகளை எஸ்கியூலைட்டில்தான் உருவாக்குகிறது. தரவுத்தளமே வேண்டாம் என்று ஷெல்வ் பக்கம் ஓடினாலும் கடைசியில் அதன் மேல்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

படி 4: எஸ்கியூலைட்டுக்கு மாறுவது

பயப்பட ஒன்றுமில்லை. 2000-இல் ரிச்சர்ட் ஹிப் எழுதி வெளியிட்டது, காப்புரிமைக் கட்டு இல்லாமல் பொதுவுடைமையாக இருக்கிறது, 2006-இல் வந்த பைத்தான் 2.5 முதல் மொழியோடு சேர்ந்தே வருகிறது. சர்வர் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது, மொத்தத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. இந்தக் கணக்கில் பார்த்தால் "மொழியோடு வருவதா, தரவுத்தளமா" என்ற பிரிவினையே பைத்தானில் கொஞ்சம் பொய்தான்.

எஸ்கியூலைட்3 மாட்யூலை இம்போர்ட் செய்து, கனெக்ட் என்று கோப்புப் பெயர் கொடுங்கள். கிரியேட் டேபிள் கட்டளையில் ஐந்து நெடுவரிசைகளைச் சொல்லுங்கள். பதிவு எண்ணை இன்டிஜர் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரிசையையும் தனித்துக் காட்டும் முழு எண் சாவி, ஆக்குங்கள். ஏற்கெனவே இருக்கிற லிஸ்ட்டை எக்ஸிக்யூட்மெனி மூலம் ஒரே மூச்சில் உள்ளே தள்ளலாம். பிறகு கமிட். இதை விட்டுவிட்டு நிரலை மூடினால் போட்டதெல்லாம் காணாமல் போகும், புதிதாக வருபவர்கள் "தரவு ஏறவே மாட்டேன் என்கிறது" என்று சொல்வதில் பெரும்பாலும் காரணம் இதுதான். மதிப்புகளை ஒருபோதும் கட்டளைச் சரத்தோடு ஒட்டாதீர்கள், அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டு மதிப்பைத் தனியாகக் கொடுங்கள். பெயரில் ஒரு மேற்கோள் குறி வந்தாலே ஒட்டிய கட்டளை உடைந்துவிடும், வேண்டுமென்றே யாராவது உடைக்கவும் முடியும்.

இனி படி 1-இல் எழுதிய இரண்டாவது வகைக் கேள்வி ஒரே வரிதான்: செலக்ட் தலைப்பு ஃப்ரம் நூல்கள் வேர் ஆசிரியர் = ? அண்ட் ஆண்டு > 1990 ஆர்டர் பை ஆண்டு. யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு, எடுத்துப்போன கணக்கையும் ஓர் அட்டவணையாக வைத்து, இரண்டையும் சேர்க்கும் ஒரு ஜாயின். டிக்ட்டில் இதற்கு எழுத வேண்டிய லூப்புகளை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் தரவுத்தளத்தில் போட்டதாலேயே தேடல் வேகமாகிவிடாது. இண்டெக்ஸ் இல்லாவிட்டால் அதுவும் லிஸ்ட் மாதிரியே முதல் வரிசையிலிருந்து கடைசிவரை போகும். கட்டளைக்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் குவெரி பிளான் என்று சேர்த்து ஓட்டுங்கள். பதிலில் ஸ்கேன் என்று வந்தால் முழுதையும் புரட்டுகிறது, சர்ச் என்றும் யூசிங் இண்டெக்ஸ் என்றும் வந்தால் நேராகப் போகிறது. ஆசிரியரையும் ஆண்டையும் சேர்த்து, அந்த ஒழுங்கிலேயே ஒரு இண்டெக்ஸ் கட்டிவிட்டு மறுபடி ஓட்டுங்கள், ஸ்கேன் போய் சர்ச் வரும். அதே இண்டெக்ஸை வைத்துக்கொண்டு ஆண்டை மட்டும் கொடுத்துத் தேடினால் பொதுவாகப் பயன்படாது, இடப்பக்கம் முதலில் உள்ளது கொடுக்கப்பட்டால்தான் பிடி கிடைக்கும். இண்டெக்ஸ் கட்டுவதற்கு இடமும் எழுதும் நேரமும் செலவு, எனவே தாளில் உள்ள கேள்விகளுக்கு மட்டும் கட்டுங்கள்.

படி 5: தமிழ்ச் சொல்லைத் துண்டாகத் தேடுவது

இங்கேதான் அதிக நேரம் போகும், எதைத் தேர்ந்தெடுத்தாலும் போகும். முதல் வேலை, தரவை உள்ளே போடும்போதும் தேடுசொல்லை வாங்கும்போதும் யூனிகோடுடேட்டா மாட்யூலின் நார்மலைஸ் வழியாக என்எஃப்சி என்ற, ஒரே எழுத்தை எப்போதும் ஒரே விதமாக எழுதும் யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவருவது. "கொ" என்பதில் க-வுக்கு அடுத்து ஒரே குறியாக ஒகரக் குறி இருக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. டிக்ட்டும் கண்டுபிடிக்காது, எஸ்கியூலைட்டும் கண்டுபிடிக்காது. "ஸ்ரீ"-யை ஸ போட்டும் ஶ போட்டும் எழுதுகிறார்கள், அதை என்எஃப்சி சேர்த்து வைக்காது, நீங்களே ஒன்றாக மாற்ற வேண்டும். ராமசாமி, இராமசாமி என்று ஒரே ஆளை இரண்டு விதமாக எழுதியிருந்தால் எந்த மென்பொருளும் உதவாது, ஆசிரியர்களுக்கு எண் கொடுத்துத் தனி அட்டவணையில் வைப்பதுதான் வழி.

அடுத்து லைக், துண்டைக் கொடுத்துத் தேடும் எஸ்கியூஎல் கட்டளை. தேடுசொல்லின் இரண்டு பக்கமும் சதவீதக் குறி (எது வந்தாலும் சரி என்று பொருள்) போட்டு "கடல்" என்று தேடினால் "கடலில்", "கடலோரம்" எல்லாம் கிடைக்காது, ஏனென்றால் அங்கே ல-வுக்கு மேல் புள்ளி இல்லை. புள்ளியை எடுத்துவிட்டு "கடல" என்று தேடினால் அவை வரும், கூடவே "கடலை சாகுபடி"யும் வரும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைக்கிறேன், விட்டுப்போவதைவிட அதிகமாக வருவது மேல். முன்னால் சதவீதக் குறி இருக்கும் லைக்குக்கு சாதாரண இண்டெக்ஸ் உதவாது, முழு ஸ்கேன்தான், அதாவது பைத்தான் லிஸ்ட்டில் "இன்" போட்டுத் தேடுவதன் அதே வேலை. ஐயாயிரம் தலைப்புக்கு அது பரவாயில்லை.

தலைப்பு மட்டுமில்லாமல் புத்தகச் சுருக்கங்களுக்குள்ளும் தேட வேண்டும், அவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்றால் எஃப்டிஎஸ்5 என்ற முழுவுரைத் தேடல் வசதிக்குப் போங்கள், பைத்தானோடு வருகிற எஸ்கியூலைட்டில் பெரும்பாலும் இருக்கும். ஆனால் அப்படியே பயன்படுத்தாதீர்கள். உரையைச் சொற்களாக வெட்டும் அதன் வழக்கமான யூனிகோடு61 பிரிப்பான் எழுத்துகளையும் எண்களையும் மட்டும்தான் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும், நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அதற்கு இடைவெளி மாதிரி. "மாடு" என்பது ம, ட என்று இரண்டு துண்டாகிவிடும். "மேடு"ம் அப்படியே, "மூடி"யும் அப்படியே, ஆகவே மாட்டைத் தேடினால் மூடியும் வந்து நிற்கும். அட்டவணையை உருவாக்கும்போதே டோக்கனைஸ் அமைப்பில் கேட்டகரீஸ் என்பதில் வழக்கமான எல், என், சிஓ என்ற யூனிகோடு வகைகளோடு, நம் குறிகளும் புள்ளியும் அடங்கும் எம்சி, எம்என் என்ற இரண்டையும் சேர்த்துவிட்டால் தமிழ்ச் சொல் உடையாது. அப்புறம் "கடல" என்று எழுதிக் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டால் அப்படித் தொடங்கும் சொற்களெல்லாம் வரும். "பெருங்கடல்" வராது, நடுவில் இருப்பதும் வேண்டுமென்றால் எஸ்கியூலைட் 3.34 முதல் உள்ள, உரையை மும்மூன்று குறிகளாக வெட்டும் டிரைகிராம் பிரிப்பானைப் பாருங்கள். குறைந்தது மூன்று குறிகளாவது தேடுசொல்லில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

வரிசைப்படுத்தல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லிஸ்ட்டின் சார்ட் ஆனாலும் ஆர்டர் பை ஆனாலும் யூனிகோடு எண் வரிசையில்தான் அடுக்கும். அதில் ன, ந-வுக்கு அடுத்து ப-வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது, புள்ளி வைத்த மெய்யோ அதன் உயிர்மெய் வரிசைக்கெல்லாம் பின்னால். அகராதி வரிசை வேண்டுமென்றால் உங்கள் ஒப்பீட்டு விதியை ஒரு செயற்கூறாக எழுதி கிரியேட் கொலேஷன் மூலம் எஸ்கியூலைட்டிடம் ஒப்படைக்கலாம்.

படி 6: எஸ்கியூலைட்டும் போதாத இடம்

எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாம், ஆனால் எழுதுவது ஒரு நேரத்தில் ஒருவர்தான். மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் வால் முறைக்கு மாற்றினால் ஒருவர் எழுதும்போது மற்றவர்கள் தடையில்லாமல் படிக்கலாம். ஒரு மேசையில் ஒரு கணினி வைத்திருக்கும் நூலகத்துக்கு இதுவே ஏராளம். நாலு கணினியிலிருந்து எழுத வேண்டும் என்று கோப்பை நெட்வொர்க் ஃபோல்டரில் போட்டுப் பகிர்வதை மட்டும் செய்யாதீர்கள், அங்கே கோப்புப் பூட்டு ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்ப முடியாது, தரவு கெட்டுப்போகலாம். அந்த நிலை வந்தால் போஸ்ட்கிரெஸ்கியூஎல் மாதிரி சர்வர் உள்ள தரவுத்தளத்துக்கு மாறுங்கள். செலக்ட், ஜாயின், இண்டெக்ஸ் கட்டளைகள் கிட்டத்தட்ட அப்படியே வரும், பைத்தானை அதோடு இணைக்கும் சைக்கோபிஜி பயன்படுத்தினால் கேள்விக்குறிக்குப் பதில் சதவீதக் குறியோடு எஸ் போட வேண்டும், எஃப்டிஎஸ்5 பகுதியை மட்டும் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.