மண்ணியல் துறையில் பணிபுரிய விரும்புவோருக்கு

மண்ணையும் பயிரையும் ஆராயும் தொழிலுக்கு வர விரும்பும் தமிழ்நாட்டு மாணவர், பிளஸ் டூவிலேயே வேதியியலை மனப்பாடம் செய்யாமல் புரிந்து படிக்கத் தொடங்க வேண்டும். இத்துறையின் பெரும்பகுதி வயலில் நடக்கும் வேதியியல்தான். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு பி.எஸ்சி. வேளாண்மைப் படிப்பில் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேரலாம். அதற்கு நீட் தேவையில்லை. இளநிலையில் மண்ணியல் பல பாடங்களுள் ஒன்றாகவே வரும். அதைத் தனித்துறையாக எடுத்துப் படிப்பது முதுநிலையில், 'மண்ணியல் மற்றும் வேளாண் வேதியியல்' என்ற பெயரில்.

முதுநிலைக்கு இடம் தேடும்போது நிறுவனத்தின் பெயரைவிட, ஆய்வுக்குக் கிடைக்கப்போகும் சிக்கலையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. களர் நிலச் சீர்திருத்தம், சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் துத்தநாகப் பற்றாக்குறை போன்ற, விவசாயியின் வயலில் தினமும் எதிர்ப்படும் சிக்கலை ஆராய்ந்தவருக்குப் பின்னாளில் எந்த வேலையிலும் அது கைகொடுக்கும். கோவையில் 1909 முதல் நடந்துவரும் நிரந்தர உரச் சோதனை வயலை வாய்ப்புக் கிடைத்தால் நேரில் பாருங்கள். ஒரே நிலத்தில் ஒரே உரமுறையை நூறாண்டுக்கு மேல் தொடர்ந்தால் மண் என்னவாகும் என்பதை இரண்டு பருவ ஆய்வு காட்டாது.

பட்டத்தைவிட முக்கியமானது மண் மாதிரி எடுக்கும் பழக்கம். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம், அண்மையில் உரமிட்ட பகுதி ஆகியவற்றை விலக்கி, வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் மேற்குப்பையை மட்டும் அகற்றி, 'வி' வடிவக் குழி வெட்டி, அதன் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழாகச் சீரான கனத்தில் மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். நெல்லுக்கு 15 செ.மீ. ஆழம் போதும். எடுத்ததைக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளி, அரைக் கிலோ மிஞ்சும் வரை இதையே திரும்பச் செய்து, நிழலில் உலர்த்த வேண்டும். துத்தநாகம், போரான் போன்ற, பயிருக்கு மிகச் சிறிதளவே தேவைப்படும் நுண்ணூட்டங்களைப் பார்ப்பதாக இருந்தால் துத்தநாகம் பூசிய இரும்பு வாளியைத் தொடவே கூடாது. மண்ணில் இல்லாத துத்தநாகம் அறிக்கையில் ஏறிவிடும்.

ஆய்வகத்திலும் இதே கவனம் வேண்டும். மக்கிய பொருள்களால் மண்ணில் சேரும் அங்ககக் கரிமத்தை அளக்கும் வாக்லி-பிளாக் முறையில், நிறங்காட்டியாக டைபினைல் அமீன் சேர்த்த கரைசலில் இன்னொரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, அது கருநீலத்திலிருந்து சட்டென்று பச்சைக்கு மாறும் துளியில் கையை நிறுத்தத் தெரிய வேண்டும். கருவிகள் தானியங்கியாகிவிட்ட காலத்தில் இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் கருவி தரும் எண் நம்பத்தக்கதா என்று சந்தேகிக்கும் திறன் இந்தப் பயிற்சியில்தான் வருகிறது. புள்ளியியலையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

வேலைக்கு வந்தால், மாநில அரசின் வேளாண்மை அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வும், மத்திய ஆராய்ச்சி நிறுவனங்களின் விஞ்ஞானி பணிக்கு வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியத்தின் ஏ.ஆர்.எஸ். (வேளாண் ஆராய்ச்சிப் பணி) தேர்வும் உள்ளன. போபாலிலுள்ள இந்திய மண் அறிவியல் நிறுவனமும், நாக்பூரிலுள்ள தேசிய மண் அளவீடு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்ட நிறுவனமும் இத்துறைக்கென்றே அமைந்தவை. உர நிறுவனங்களும் தேயிலைத் தோட்டங்களும் தனியார் ஆய்வகங்களும் ஆள் எடுக்கின்றன. அவற்றின் நேர்காணலுக்குச் செல்லும் முன், 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் வழங்கப்பட்ட அட்டை ஒன்றைக் கையில் எடுத்து, அதிலுள்ள கார அமில நிலை முதல் போரான் வரையிலான 12 அளவுகளையும் படித்து, அந்த நிலத்துக்கு எந்த உரம், எவ்வளவு, எப்போது என்று ஒரு விவசாயிக்குப் புரியும் தமிழில் சொல்லிப் பழகுங்கள்.