பத்து மடங்கு வில்லையில் ஒரு மூக்குத்திப்பூ

ஏற்காட்டுக்குச் செடி பார்க்கப் போக வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஒரு வாரம் சேலத்திலேயே இருந்து வாசலில் முளைத்த களையைப் பாருங்கள் என்பதுதான். மலையில் ஒரு காலைப்பொழுதுக்குள் எத்தனையோ செடிகள் எதிர்ப்படும். பழகாத கண்ணுக்கு அவை அனைத்தும் வெறும் பச்சையாகவே தெரியும். ஒரே ஒரு களைப்பூவை உறுப்பு உறுப்பாகப் பார்த்து முடித்தவருக்கு அந்த மலையே வேறு மலை.

வேண்டிய பொருள்கள் சிலவே. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறிய மடக்குவில்லை ஒன்று போதும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசின் பற்றவைப்பைச் சோதிக்கக் கையாளும் வகையே இதற்கும் பொருந்தும். முப்பது மடங்கு, நாற்பது மடங்கு என்று எழுதி விற்பவற்றை வாங்க வேண்டாம். மடங்கு கூடக் கூடப் பார்வைப் பரப்பு சுருங்கும், வெளிச்சம் குறையும், கைநடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகும். இவற்றோடு ஒரு குண்டூசி, ஒரு பிளேடு, மில்லிமீட்டர் கோடிட்ட அளவுகோல், ஒரு நோட்டு, பென்சில்.

வில்லையைப் பிடிக்கும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். செய்தித்தாள் படிக்கும் பெரிய பூதக்கண்ணாடியைப் போல அதைப் பூவின் மேல் நீட்டிப் பிடித்து, தலையைத் தூரத்தில் வைத்துக்கொண்டு நானும் பல மாதங்கள் ஒன்றும் தெரியாமல் திண்டாடினேன். வில்லை கண்ணருகே, இமைமயிரை ஏறத்தாழத் தொடும் அளவுக்கு இருக்க வேண்டும். பிடித்த கையின் கட்டைவிரல் கன்னத்தில் ஊன்றியிருக்க வேண்டும். பிறகு மற்றக் கையால் பூவை மெல்ல வில்லையை நோக்கிக் கொண்டுவர வேண்டும். பத்து மடங்கு வில்லைக்கு ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் தொலைவில் உருவம் தெளியும். செடியைப் பறிக்கக் கூடாத இடத்தில் பூ நம்மிடம் வராது. நாம்தான் மண்டியிட்டு அதனிடம் போக வேண்டும். வெயில் பக்கவாட்டிலிருந்து விழுமாறு திரும்பிக்கொள்ளுங்கள். வில்லை வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்காதீர்கள்.

முதல் செடியாக மூக்குத்திப்பூவை எடுத்துக்கொள்ளலாம். வெட்டுக்காயப் பூண்டு, தாத்தாப்பூ என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. சிறுவர்கள் காம்பை நெரித்துத் தலையைச் சுண்டிவிட்டு விளையாடுவது இதை வைத்துத்தான். நடு அமெரிக்காவிலிருந்து வந்து நம் சாலையோரம் முழுவதையும் தனதாக்கிக்கொண்ட செடி இது. ஐந்து வெளிர் இதழும் நடுவே மஞ்சள் பொட்டும் உள்ள ஒரு பூ என்று வெறுங்கண் சொல்லும். வில்லையில் பார்த்தால் அது ஒரு பூவே அல்ல. நடுவிலுள்ள மஞ்சள் புள்ளி ஒவ்வொன்றும் ஐந்து முனைகளாகப் பிளந்த ஒரு குழல். ஒவ்வொரு குழலும் முழுமையான ஒரு பூ. ஓரத்து ‘இதழ்’ ஒவ்வொன்றும் நுனியில் பெரும்பாலும் மூன்று பற்கள் கொண்ட தனிப்பூ. தலையைப் பிளேடால் நெடுக்காக இரண்டாக வகுத்தால், பூக்கள் ஒரே மேடையில் நெருங்கி நிற்பதும் அவற்றின் அடியில் இறகு போன்ற மயிர்கள் இருப்பதும் தெரியும். விதை முற்றியபின் காற்றில் பறக்க உதவுபவை அந்த மயிர்களே. இதே குடும்பத்தைச் சேர்ந்த பார்த்தீனியத்தை மட்டும் முகத்தருகே கொண்டுவர வேண்டாம். அதன் மகரந்தமும் மயிரும் பலருக்கு ஒவ்வாமை தரும்.

அடுத்தது புல். புல்லுக்குப் பூ இல்லை என்று நினைப்பவர் அருகம்புல்லின் கதிரை விடிகாலையில் பார்க்க வேண்டும். விரல்களைப் போல விரிந்த கதிர்க்கிளைகளின் ஒரே பக்கத்தில் இரண்டு வரிசையாகச் சிறுகதிர்கள் அடுக்கியிருக்கும்; அவற்றிலிருந்து மெல்லிய நூலில் மகரந்தப் பைகள் தொங்கும், ஊதா நிறச் சூல்முடிகள் இறகு போல நீட்டியிருக்கும். காற்றில் வரும் தூளைப் பிடிக்க இறகு போதும், இதழ் தேவையில்லை. பக்கத்தில் நிற்கும் கோரையையும் புல் என்றே பலர் பிடுங்கி எறிகிறார்கள். அதன் பூந்தண்டை இரு விரல்களுக்கிடையே உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். இலைகள் மூன்று வரிசையில் அமைந்திருக்கும். புல்லின் இலைகளோ இரண்டே வரிசை.

எருக்குக்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்டும்போது நாம் கோக்கிற அந்தக் கிரீடம் போன்ற நடுப்பகுதியில், ஐந்து முகமுள்ள ஒரு மேடை இருக்கும். அதன் ஐந்து மூலைகளிலும் ஒவ்வொரு மெல்லிய பிளவும், பிளவின் மேல்முனையில் கடுகைவிடச் சிறிய ஒரு கரும்புள்ளியும் தெரியும். குண்டூசி முனையைப் பிளவுக்குள் நுழைத்து, கீழிருந்து மேலாக மெதுவாக இழுத்தால், கரும்புள்ளி ஊசியைக் கவ்விக்கொண்டு வெளியே வரும். அதன் இருபுறமும் இரண்டு மஞ்சள் பைகள் தொங்கும். பிற பூக்கள் தூளாக உதிர்க்கும் மகரந்தத்தை எருக்கு இவ்வாறு மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறது. தேன் குடிக்க வரும் கருவண்டின் கால் பிளவில் சிக்கும்போது நடப்பதும் இதுவே. அடுத்த பூவின் பிளவில் அந்தப் பை செருகிக்கொண்டால்தான் காய் பிடிக்கும். முதல் முயற்சியில் எனக்கு வரவில்லை, ஏழெட்டுப் பூ வீணானது. ஓர் எச்சரிக்கை: எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழிக்குக் கேடு. பூவைப் பறித்ததும் பால் வடியும் காம்பைத் துடைத்துவிட்டு, கையைக் கழுவிய பிறகே வில்லையை எடுங்கள். தவறிப் பட்டுவிட்டால் நிறைய நீரால் கழுவிக்கொண்டு உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

இதன்பின் மலையேறலாம். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏதேனும் ஒன்றில் பாதுகாப்பாக வண்டியை நிறுத்தி உன்னிப்பூவைப் பாருங்கள். கொத்தில் பூக்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மலர்கின்றன. புதிதாக மலர்ந்தவை மஞ்சளாகவும் பழையவை இளஞ்சிவப்பாகவும் இருக்கும். தேன் மஞ்சள் பூவில் என்று பட்டாம்பூச்சிகள் கற்றுக்கொள்வதால் பெரும்பாலும் அங்கேதான் அமரும். மேலே, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டம் வில்லையை மங்கச் செய்யும். சட்டைப் பைக்குள் உடல் சூட்டில் வைத்திருந்தால் அந்தத் தொல்லை குறையும். கோடைமழைக்குப் பிறகு காபிச்செடி பூக்கும் சில நாள்கள் கிடைத்தால், தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு, வெள்ளை இதழ்களுக்கு இடையிடையே மகரந்தத்தாள் நிற்பதைப் பார்க்கலாம். மரக்கிளையில் ஒட்டி வாழும் ஆர்க்கிட் வகைகளைத் தொடாதீர்கள்; அவற்றைப் பார்க்க இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் ஆர்க்கிடுத் தோட்டம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. அங்கும் காப்புக்காட்டிலும் எதையும் பறிக்கக் கூடாது.

நோட்டில் பெயரைக் கடைசியாக எழுதுங்கள். முதலில் நாள், இடம், இலையடுக்கு, இதழ் எண்ணிக்கை, மகரந்தத்தாள் எண்ணிக்கை, அளவு. பிறகு கோணலானாலும் சொந்தக் கையால் ஒரு படம். கைப்பேசிப் படம் உதவும், ஆனால் அது எண்ணாது. ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா சேவராயென்சிஸ் என்னும் அரிய சிறுமரம் இங்கே உண்டு. அதன் பூந்தலையை ஒருநாள் காண நேர்ந்தால், கிளையை வளைக்காமல் எட்டிய மட்டும் வில்லையில் பாருங்கள்: ஓரத்து ‘இதழ்’ எதுவும் இருக்காது, எல்லாமே ஐந்து முனைக் குழல்கள். வாசலில் பிளேடால் வகுத்துப் பார்த்த அதே மூக்குத்திப்பூவின் குடும்பம்.