பற்றரி இறங்கிய காரும் டிக்கிக்குள் மாட்டிய பெட்டிகளும்: கொழும்பில் நிற்பவர்களுக்கு

கொழும்புக்கு வந்தவுடன் பலருக்கு முதலில் கிடைப்பது மாமாவின் காரோ சித்தப்பாவின் காரோதான். "சும்மாதானே நிக்குது, எடுத்து ஓடு" என்று திறப்பைத் தருவார்கள். அந்தச் "சும்மா நிற்கிறது"தான் பிரச்சினை. மாதக்கணக்கில் வெள்ளவத்தை மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நின்ற காரின் பற்றரி ஒரு நாள் ஓடும், இரண்டாம் நாள் இறங்கிவிடும். பயணப் பெட்டி, பாஸ்போர்ட் எல்லாம் டிக்கியில். ரிமோட்டை அழுத்தினால் சத்தமே இல்லை.

இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. ஆகவே சொந்தக்காரர் வீட்டில் நிற்கும் பிரியஸ், அக்குவா, வகன் ஆர் எல்லாம் பெரும்பாலும் வயதான கார்கள். வெக்கை பற்றரியின் ஆயுளைக் குறைக்கும். ஜப்பானில் ஓடிவிட்டு வந்த கார் என்றால் டாஷ்போர்ட் பெட்டிக்குள் இருக்கும் கையேடும் ஜப்பான் மொழியில்தான் இருக்கும். போன் கமராவால் மொழிபெயர்த்துப் பார்க்கலாம், ஆனால் கார் கதவைத் திறந்த பிறகுதான் அதுவும் கைக்கு வரும்.

சரி, கதவு. பட்டனை அழுத்தி ஸ்டார்ட் பண்ணும் கார்களின் ரிமோட்டுக்குள் ஓர் உலோகத் திறப்பு ஒளிந்திருக்கிறது. ரிமோட்டின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கொளுவியை நகர்த்தி இழுத்தால் வெளியே வரும். அது சாரதிப் பக்கக் கதவுக்கு, அதாவது வலது கதவுக்கு. சில கார்களில் துவாரத்தை ஒரு பிளாஸ்டிக் மூடி மறைத்திருக்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் கார் என்றால், வருடக்கணக்கில் யாரும் திறப்புப் போடாத அந்தத் துவாரம் உப்பில் இறுகிப் போயிருக்கும். பலத்தைப் போட்டுத் திருப்பாதீர்கள். மெல்லிய திறப்பு உள்ளேயே முறிந்தால் பிறகு பூட்டுக்காரரைத் தேட வேண்டியதுதான். துரு இளக்கும் ஸ்பிரே கொஞ்சம் அடித்து, சில நிமிடம் விட்டு, திறப்பை உள்ளே வெளியே அசைத்து, பிறகு மெதுவாகத் திருப்புங்கள். மாமாவிடம் காரை வாங்கும்போதே அந்த உலோகத் திறப்பு உள்ளே இருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது நல்லது. பழைய கார்களில் பல கைமாறி அது தொலைந்து போயிருப்பதும் உண்டு.

கதவு திறந்ததும் பாதிப் பிரச்சினை போய்விட்டது. மற்றக் கதவுகளை உள்ளிருந்து கையாலேயே திறக்கலாம். இங்கேதான் பலர் பதற்றத்தில் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பிரியஸ், அக்குவா, வகன் ஆர், விற்ஸ் போன்றவற்றில் டிக்கி தனி அறை அல்ல. பின் சீற்றை மடக்கினால் பெட்டிகளைப் பின்கதவு வழியாக இழுத்து எடுத்துவிடலாம். பெரிய பெட்டி என்றால் சாய்த்து, புரட்டி, கொஞ்சம் வியர்க்க வேண்டும், அவ்வளவுதான். பிளைட்டுக்கு நேரமாகிவிட்டால் காரைத் திருத்தும் யோசனையையே விட்டுவிடுங்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு பிக்மீ அல்லது ஊபர் பிடித்துக் கட்டுநாயக்கவுக்குப் போங்கள்.

அலியன், பிரிமியோ போன்ற செடான் கார்களில் டிக்கி தனியாக இருக்கும். ஆனால் சாரதி சீற்றுக்கு வலது பக்கம், கீழே தரையோடு, பெற்றோல் மூடியைத் திறக்கும் லிவருக்குப் பக்கத்தில் டிக்கி லிவர் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அது கம்பியால் இழுப்பது, மின்சாரம் தேவையில்லை. இன்னும் சில கார்களில் டிக்கி மூடியிலேயே, நம்பர் பிளேட்டுக்கு மேலே, திறப்புத் துவாரம் இருக்கும். கனடா, அமெரிக்காவில் இருந்து வருபவர்கள் டிக்கிக்குள் இருட்டில் ஒளிரும் கைப்பிடியைத் தேடுவார்கள். அமெரிக்காவில் 2001 செப்டெம்பரில் இருந்து அது சட்டப்படி கட்டாயம். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த காரில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

பிரியஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்பில் எங்கும் அதுதான், அதோடு அதன் அமைப்பும் ஒரு வேடிக்கை. பல பிரியஸ்களில் 12 வோல்ட் பற்றரி இருப்பது டிக்கியின் வலது மூலையில். டிக்கிப் பூட்டோ மின்சாரத்தில் திறப்பது. பற்றரி இறங்கினால் டிக்கி திறக்காது, டிக்கி திறக்காவிட்டால் பற்றரியைத் தொடுவது பெரும்பாடு. டொயோட்டாக்காரர் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். முன்பக்கப் பொனட் எப்போதும் கம்பியில்தான் திறக்கும். திறந்து, கறுப்பு பியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினால் உள்ளே சிவப்பு மூடி போட்ட ஓர் உலோக முனை தெரியும். அதுதான் நேர் முனை. எதிர்ப்பக்கத்துக்குப் பெயின்ற் இல்லாத ஏதாவது ஓர் இரும்புப் போல்ற் போதும்.

அந்த இரண்டுக்கும் மின்சாரம் கொடுத்தவுடனேயே டிக்கிப் பட்டன் வேலை செய்யும். டிக்கிப் பூட்டுக்குத் தேவையான மின்சாரம் மிகச் சொற்பம். பிரியஸில் எஞ்சினைச் சுழற்றுவது பெரிய ஹைபிரிட் பற்றரி. 12 வோல்ட் பற்றரி கணினிகளை எழுப்புவதோடு சரி. ஆகவே கையடக்க ஜம்ப் பாக் (இறங்கிய பற்றரிக்கு மின்சாரம் கொடுக்கும் சின்னப் பெட்டி) ஒன்றே போதும். உலோகத் திறப்பால் கதவைத் திறந்திருந்தால், மின்சாரம் வந்தவுடன் அலாரம் கத்தக்கூடும். ரிமோட்டில் திறக்கும் பட்டனை அழுத்தினால் அடங்கும்.

ஆனால் ஒன்று: சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்தால் பியூஸ் எரியும், ஹைபிரிட் பாகங்களும் பழுதாகலாம். திருத்தும் செலவு விமான டிக்கெட்டைத் தாண்டிவிடும். இருட்டான கீழ்த்தளத்தில் போன் லைட் பிடித்து, + குறியைக் கண்ணால் பார்த்த பிறகே கொழுவுங்கள். செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொட வேண்டாம், அது உயர் மின்னழுத்தம்.

சாதாரணப் பெற்றோல் காருக்கு, மற்றக் காரில் இருந்து ஜம்ப் கொடுப்பது வழக்கமான முறைதான். சிவப்பு வயரை இறந்த பற்றரியின் + முனையில், மறு நுனியை உதவும் காரின் + முனையில், கறுப்பை உதவும் காரின் – முனையில், கடைசி நுனியை உங்கள் காரின் எஞ்சின் இரும்பில் கொழுவுங்கள். கழற்றும்போது தலைகீழாக. ஹைபிரிட் காரைக் கொண்டு மற்றக் காருக்கு ஜம்ப் கொடுக்க வேண்டாம்.

வெள்ளவத்தைக் கீழ்த்தளங்களில் காரை மூக்குச் சுவரில் முட்ட நிறுத்தியிருப்பார்கள். இறந்த பிரியஸை பார்க்கிங் கியரில் இருந்து எடுக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. மற்றக் கார் முன்னால் வர இடமில்லை. அதனாலும்தான் ஜம்ப் பாக் சிறந்தது என்கிறேன். அதில் லிதியம் இருப்பதால் விமானத்தில் செக்-இன் பெட்டிக்குள் போடக்கூடாது. கைப்பையில் கொண்டுவருவதானாலும் விமான நிறுவனத்திடம் கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள். என்னைக் கேட்டால், இங்கேயே ஒன்று வாங்கி மாமாவுக்கே விட்டுவிட்டுப் போவது மேல்.

உதவி கேட்கத் தயங்க வேண்டாம். கட்டடத்துச் செக்கியூரிட்டியிடம், "ஐயா, பற்றரி இறங்கிட்டுது, ஜம்பர் வயர் யாரிட்டையாவது இருக்குமே?" என்றால் இரண்டு மாடிக்குள் ஒன்று கிடைத்துவிடும். சிங்களத்தில், "பெட்டரிய பெஹெலா, ஜம்ப் கரன்ன புளுவன்த?" போதும். ஐந்து பேர் கூடுவார்கள், ஐந்து யோசனை வரும். கண்ணாடி இடுக்கில் கம்பி விடுகிறேன் என்பவரை மட்டும் அன்பாக மறித்துவிடுங்கள். மாமாவுக்குப் போன் எடுத்துக் காப்புறுதி நிறுவனத்தின் இலக்கத்தையும் கேளுங்கள். பல காப்புறுதிகளில் வீதி உதவி சேர்ந்தே வருகிறது. பூட்டிய காருக்குள் பிள்ளை அகப்பட்டால் இந்த முறைகள் எதுவும் வேண்டாம்: பிள்ளையில் இருந்து தூரமான கண்ணாடியை உடையுங்கள், 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

டிக்கி திறந்த பிறகு, பெட்டிகளை இறக்கிவிட்டு, புதுப் பற்றரி போடும்வரை டிக்கியை மூட விடாதீர்கள். பிரியஸில் பழைய பற்றரியைக் கழற்றிய கையோடு யாராவது பழக்கதோஷத்தில் மூடியை அடித்துச் சாத்தினால், மறுபடி பொனட்டுக்குத்தான் ஓட வேண்டும். கொக்கி விழும் இடத்தில் ஒரு துவாயைச் சுருட்டி வையுங்கள். திரும்பிப் போகும்போது மாமாவிடம், வாரத்துக்கு ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைப்பதை விட்டுவிட்டு, அரை மணித்தியாலமாவது மரைன் டிரைவ் பக்கம் ஓட்டிவரச் சொல்லுங்கள். ஓட்ட ஆள் இல்லை என்றால், பெற்றோல் காரின் – முனையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். அதற்கு முன் டிக்கியில் ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.